மூன்று தடி, ஒரு றீல்

1

அன்று நிலக்கீழ் அறையில் இருந்தவர்கள்:

யோகமலர். ஐம்பத்தாறு வயது. முதியோர் இல்லத்தில் வேலை. ஆறு நாளுக்கு முன் கணவனை எரித்தவள்.

கோணேசன். டென்மார்க்கின் ஒடென்சேயில் நகர பஸ் ஓட்டுபவர். இறந்தவரின் நண்பர். ஒன்பது வருடமாக இறந்தவரோடு ஒரு வார்த்தை கதைக்காதவர்.

றஜனி. இறந்தவரின் தங்கை. ஹ்விடோவ்ரே என்ற ஊரிலிருந்து வந்திருப்பவர். படியில் நின்றார், உள்ளே வரவில்லை.

பதினொரு தூண்டில் தடிகள். தூண்டில் நூல் சுற்றுகிற நான்கு றீல்கள்.

இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் சிவபாலன், அவர்தான் இறந்தவர். மற்றது நான்.

இந்தக் கதை எனக்குப் பஸ்ஸில் கிடைத்தது. நான் இரவு வேலையை விட்டுவிட்டேன். ஏன் என்பது இங்கே தேவையில்லை. வேலையில்லாதவன் பகலில் பஸ் ஏறிக் கடைசித் தரிப்பிடம்வரை போவான். அங்கே சாரதிக்கு ஏழு நிமிட ஓய்வு. கோணேசன் தேநீர்ப் போத்தலைத் திறப்பார், கதைப்பார். மூன்று நாள், மூன்று ஏழு நிமிடம். ஆக இருபத்தொரு நிமிடம் சொன்னார். அதில் பாதி, பஸ் நேர அட்டவணை போட்டவனைத் திட்டியது. மிச்ச இடத்தை நான் நிரப்புகிறேன். நிரப்பிய இடங்களைப் பெரும்பாலும் சொல்லிவிடுவேன்.

"நீர் எழுதுறனீர் எண்டு கேள்விப்பட்டன்," என்றார் இரண்டாம் நாள். "இதை எழுதாதையும்."

"பிறகேன் சொல்லுறீங்கள்?"

"சொல்லாமல் இருக்கேலாமல் கிடக்கு. சொல்லுறது வேற, எழுதுறது வேற."

எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஒடென்சே உண்மையில் ஒடென்சேதானா என்றும் கேட்க வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: "ஃபியோர்டின் மேல் மூடுபனி இறங்கியிருந்த அந்தக் காலையில் சிவபாலன் தன் தூண்டிலை"

அடித்துவிட்டேன். நிலத்துக்குள் நீண்டு வருகிற கடலை ஃபியோர்ட் என்று எழுதினாலே தமிழ்க் கதையில் மூடுபனி தானாக வந்து இறங்கிவிடுகிறது. அவர் இறந்தது செப்டம்பர் மாதம், நல்ல வெயிலில், காருக்கு எண்ணெய் அடிக்கிற இடத்தில் வரிசையில் நின்றபோது.

இரண்டாவது: "சிவபாலனைப்போல அமைதியான ஒரு மனிதரை"

செத்தவர்கள் எல்லாரும் அமைதியானவர்கள்தான். அடி.

மூன்றாவது: "அண்ணைக்கு என்ன மீன் விருப்பம்?" என்று றஜனி கேட்டார்.

இது நிற்கட்டும். இது கோணேசன் சொன்னது. யோகமலர் அவரிடம் சொன்னது.

எட்டுச் செலவுக்கு இறந்தவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து வாழையிலையில் படைக்க வேண்டும். மரக்கறி, மீன் இறைச்சி என்று மச்சம், குடிக்கிறவராக இருந்தால் குடிவகையும். எட்டாம் நாள் செய்வதால் எட்டுச் செலவு. டென்மார்க்கில் எட்டாம் நாள் எப்போதும் ஞாயிற்றுக்கிழமையில்தான் விழும். எல்லாருக்கும் வேலை இருக்கிறது. சிவபாலனை வெள்ளிக்கிழமை எரித்தார்கள். செலவு அதற்கடுத்த வார ஞாயிறு.

வியாழக்கிழமை மத்தியானம் றஜனி குசினி மேசையில் இருந்து பட்டியல் எழுதினார். ஆட்டிறைச்சிக் கறி. கணவாய்ப் பிரட்டல். கத்தரிக்காய்ப் பால்கறி. பியர் இரண்டு.

"அண்ணைக்கு என்ன மீன் விருப்பம், மச்சாள்?"

யோகமலர் சுவரைப் பார்த்தாள்.

"என்ன மச்சாள், மீன்பிடிக்கப் போற மனுசன். பதினொரு வருசமாப் போனவர். என்ன மீன் எண்டு கேட்டால் சுவரைப் பாக்கிறீங்கள்."

"தெரியாது," என்றாள் யோகமலர்.

"சின்னனிலை ஓரா எண்டால் சட்டியோடை இருப்பார்."

"இஞ்ச ஓரா இல்லை."

"தமிழ்க் கடையிலை விளைமீன் கிடக்கு, பெட்டியிலை. அதை எழுதட்டோ?"

"எழுதுங்கோ," என்று சொல்லிவிட்டு யோகமலர் அறைக்குள் போய்க் கோணேசனுக்குத் தொலைபேசி எடுத்தாள். கணவனோடு கோபமாக இருந்த மனிதருக்கு அவள் அதற்குமுன் ஒருநாளும் எடுத்ததில்லை.

(யோகமலரை 'அவள்' என்றும் மற்ற எல்லாரையும் 'அவர்' என்றும் எழுதிக்கொண்டு போகிறேன். மரியாதைக் குறைவில்லை. இந்தக் கதையில் நான் அவளுக்குக் கிட்ட நிற்கிறேன், அவ்வளவுதான்.)

3

சிவபாலன் சனிக்கிழமைகளில் காலை ஏழு மணிக்குப் போவார், பின்னேரம் இரண்டு மணிக்கு வருவார். கெர்ட்டெமின்டெப் பக்கத்துக் கடற்கரை என்பார். பார்ஸ் மீனுக்குப் போகிறேன் என்பார். பார்ஸ் இந்தக் கடலில் வெயில் காலத்தில் கரையோரம் வரும் வெள்ளி நிற மீன். முகம் எங்கள் கொடுவாவை ஞாபகப்படுத்தும். பதினொரு வருடத்தில் ஒரு பார்ஸ் வீட்டுக்கு வரவில்லை. வேறெந்த மீனும் வரவில்லை. சப்பாத்தைக் கழற்றும்போதே "இண்டைக்குப் படேல்லை" என்பார். கைகழுவுவார். சாப்பிடுவார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கலியாணவீடு, காய்ச்சல், நடுமாரி எல்லாம் கழித்தால் நானூறு சனிக்கிழமை தேறும். நானூறு முறை போனவருக்கு ஒருமுறைகூட மீன் படாமலிருக்குமா?

கோயிலில் பெண்கள் சிரிப்பார்கள். "யோகா, உன்ர மனுசன் கடலிலை மீன் பிடிக்கப் போறவரோ, கடலுக்கு மீன் குடுக்கப் போறவரோ?" யோகமலரும் சிரிப்பாள். ஒருத்தி வேறு விதமாகவும் கேட்டாள், கண்ணை ஒரு பக்கம் சாய்த்து. யோகமலர் அதை நம்பவில்லை. வேறொருத்தியிடம் போகிறவன் இப்படி நாறுகிற சப்பாத்தோடு போகமாட்டான்.

அவளுடைய பயம் வேறு. முதியோர் இல்லத்தில் அவள் ஜன்னல் ஓரமாகப் படுக்கை விரிக்கும்போது கீழே கார்த் தரிப்பிடம் தெரியும். மனைவியைப் பார்க்க வருகிற கிழவர்களில் சிலர் கார் நிறுத்திவிட்டு இறங்கமாட்டார்கள். ஸ்ரியறிங்கில் கையை வைத்தபடி அரைமணி, முக்கால்மணி உள்ளேயே இருப்பார்கள். ஒன்றும் செய்யமாட்டார்கள். பிறகு இறங்கி, பூவோடு மேலே வந்து, "தெருவிலை நெரிசல்" என்று டேனிஷில் சொல்வார்கள். நெரிசல் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

சிவபாலனும் அப்படி ஏதாவது ஒரு தரிப்பிடத்தில் ஏழு மணிநேரம் இருந்திருப்பாரோ. மீனுக்காக இல்லை, வீட்டில் இல்லாமல் இருப்பதற்காக. ஒரு தடியைக் காரில் போட்டுக்கொண்டு, அவளிடமிருந்து விலகி.

இந்தக் கதையில் இருக்கிற கேள்வி இது ஒன்றுதான். அந்தச் சனிக்கிழமைகளில் அந்த மனிதர் மீன் பிடித்தாரா, இல்லையா. வேறு பெரிய விஷயம் ஒன்றும் இதற்குள் ஒளித்து வைக்கப்படவில்லை.

4

கோணேசன் அன்று பின்னேரமே சாரதிச் சீருடையோடு வந்தார். செத்தவீட்டுக்கு வந்திருந்தார், ஆனால் பின்வரிசையில் நின்றுவிட்டுப் போயிருந்தார். இப்போது அடுக்குமாடியின் நிலக்கீழ் அறையில், கம்பிவலைக் கதவுக்குப் பின்னால், சுவரில் சாய்த்திருந்த பதினொரு தடிகளைப் பார்த்தார்.

"எத்தினை?"

"பதினொண்டு," என்றாள் யோகமலர். "எனக்கு ஒரு மீன் பிடிச்சுத் தாங்கோ, அண்ணை. ஞாயிற்றுக்கிழமை இலையிலை வைக்க. இவற்ர தடியாலை பிடிக்கவேணும். சனிக்கிழமை போவம்."

"போவமோ? நீங்களுமோ?"

படியிலிருந்து றஜனி: "முப்பத்தொண்டாம் நாள் செலவு முடியாமல் வெளிக்கிடுறதோ மச்சாள்? ஆரும் கண்டால்?"

"கண்டால் கை காட்டுவன்," என்றாள் யோகமலர்.

கோணேசன் தடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நுனியை ஆட்டிப் பார்த்தார். கதைக்க வேறு ஒன்றும் அவருக்கு வரவில்லை. தடியைப் பற்றி என்றால் வந்தது.

"எல்லாத்தையும் கொண்டுபோகேலாது. மூண்டு காணும். ஒண்டு மெல்லிசா, ஆறரை அடி. பத்துக் கிராம் இரையை எறிய. துறைமுகச் சுவர், வாய்க்கால் எல்லாத்துக்கும் சரி. ரெண்டாவது ஒன்பது அடி, நடுத்தரம். அதுதான் கரையிலை நிண்டு பார்ஸுக்கு எறியிறது, தூரம் போகும். மூண்டாவது கட்டையா, விறைப்பா. பாசிக்குள்ளை ஓடுறதை இழுத்தெடுக்க. றீல் ரெண்டு காணும். நூல் சுத்தின உருளை மேலதிகமா ஒண்டு இருந்தால் ஒரு றீலை ரெண்டு தடிக்கு மாத்தலாம். இதுக்கு மேலை ஒருத்தனுக்கும் தேவையில்லை, தங்கச்சி. என்ன மீன் வந்தாலும் இந்த மூண்டுக்குள்ளை அடங்கும்."

"அப்ப பதினொண்டு வைச்சிருக்கிறவர்?"

கோணேசன் யோசிக்காமல் சொல்லிவிட்டார். "மூண்டுக்கு மேலை வைச்சிருக்கிறவன் மீன் பிடிக்கிறேல்லை. சாமான் சேர்க்கிறான்."

சொன்ன பிறகுதான் யோசித்தார். யோகமலரின் முகத்தை அவர் பார்க்கவில்லை. ஒரு றீலின் கைபிடியைச் சுற்றிச் சுற்றி விட்டார்.

"நீங்கள் இவரோடை ரெண்டு வருசம் போனனீங்கள்தானே," என்றாள் அவள்.

"போனன்."

"அப்ப பிடிச்சவரோ?"

"அப்ப பிடிச்சவன். பிறகு எனக்குத் தெரியாது."

"அந்த மீனெல்லாம் எங்கை?"

கோணேசன் றீலை விட்டார். "அதிலைதானே எனக்கும் அவனுக்கும் கோவம்."

* இந்த இடத்தில் கோணேசன் பஸ்ஸை எடுக்க வேண்டியிருந்தது. கோபத்தின் காரணத்தை எனக்கு அடுத்த நாள்தான் சொன்னார். உங்களைக் காக்கவைக்காமல் இங்கேயே சொல்கிறேன். கோணேசன் ஒருநாள் மூன்று கிலோ பார்ஸ் ஒன்றைப் பிடித்தார். வாழ்நாளில் பெரியது. சிவபாலன் தண்ணீருக்குள் இறங்கி அதைத் தூக்க உதவினார். தூக்கினார், பார்த்தார், கை வழுக்கியது, மீன் போய்விட்டது. "வழுக்கிட்டுது" என்றார் சிவபாலன். "விட்டவன்," என்றார் கோணேசன் என்னிடம். "ரெண்டு கையாலையும் பிடிச்சிருந்தவன். வழுக்கேல்லை. விட்டவன். என்ர மீனை." ஒன்பது வருடம். நான் சிரிக்கவில்லை. இதைவிடச் சின்ன விஷயத்துக்கு நான் வேலையை விட்டிருக்கிறேன்.

யோகமலரிடம் அவர் இதே கதையை வேறு மாதிரிச் சொன்னார். "வழுக்கிட்டுது எண்டு சொன்னவன். அப்பிடித்தான் இருக்கும்." செத்தவனைப் பற்றி அவனுடைய மனைவியிடம் வேறெப்படிச் சொல்வது.

5

கோணேசன் மூன்று தடிகளைத் தெரிந்தெடுத்தார். நல்ல தெரிவு. விலைகூடிய தடிகள், சொன்ன அளவுகள். பதினொன்றின் கைபிடியிலும் கடையில் சுற்றிக்கொடுத்த மெல்லிய பிளாஸ்ரிக் உறை அப்படியே இருந்தது.

"இதோடை எறிஞ்சால் வழுக்கும்," என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்த சின்னக் கத்தரிக்கோலால் முதலாவதன் உறையை வெட்டினார். தக்கைப்பிடி சுட்ட பாண் நிறத்தில், கைபடாமல் இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

"புதுத் தடி," என்றார் கோணேசன் மெல்ல.

றஜனி ஒரு படி கீழே இறங்கினார். "அண்ணை பாவிக்கவே இல்லையோ?"

யோகமலர் சுவரில் கைவைத்தாள். கார்த் தரிப்பிடம் ஒன்று அவளுக்குத் தெரிந்தது. அதில் ஒரு சாம்பல் நிறக் கார், உள்ளே ஒரு தலை. அவள் அழவில்லை. கோபத்துக்குக் கிட்டப் போனாள்.

"அந்தாள் ஒண்டிலையும் பிளாஸ்ரிக் கழட்டுறேல்லை," என்றாள். யாரையோ பாதுகாப்பது போலச் சொன்னாள்.

உண்மை. நம் சனங்களின் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். சோபாவில் பிளாஸ்ரிக், ரீவி றிமோட்டில் பிளாஸ்ரிக், மைக்ரோவேவ் கண்ணாடியில் கடைக்காரன் ஒட்டிய தாள். அது இருக்கும்வரை பொருள் புதிது. சிவபாலன் பத்து வருடக் காரின் கதவுகளில் கப்பலில் வந்தபோது ஒட்டியிருந்த நீல நுரைப்பஞ்சைக்கூடக் கழற்றவில்லை. ஒரு டேனிஷ்காரரின் தூண்டிலில் உறை இருந்தால் அது பாவிக்காதது என்று முடிவுகட்டலாம். சிவபாலனின் தூண்டிலில் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

யோகமலர் மற்ற எட்டையும் பார்த்தாள். மூன்றின் உறை ஓரத்தில் கிளம்பியிருந்தது. உள்ளே மங்கல். வெண்மையாய் ஒரு திட்டு, அதைச் சுற்றிக் கறுப்பு. இருபது வருடமாக அவள் ஒவ்வொரு காலையும் கிழவர்களின் கால் புண்ணில் இருந்து ஒட்டுத்துணி உரிக்கிறாள். அதிகநாள் விட்ட ஒட்டு வெளியிலிருந்து பார்க்க எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"தாங்கோ," என்று கத்தரிக்கோலைக் கோணேசனின் கையிலிருந்து வாங்கினாள்.

ஓரத்திலிருந்து, தோலைக் கிழிக்காமல் உரிக்கிற மாதிரி, உரித்தாள். தக்கை கறுத்து, ஊறி, மெத்துமெத்தென்று கிடந்தது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. மணந்தது. அந்தச் சப்பாத்தின் மணம். இரண்டாவதும் கறுப்பு. மூன்றாவதும்.

கோணேசன் குனிந்து பார்த்தார். "ஈரக்கையாலை பிடிச்சுப் பிடிச்சு, தண்ணி உறைக்குள்ளை போய், காய வழியில்லாமல் அழுகியிருக்கு. விசரன். கழட்டியிருந்தால் இன்னும் இருபது வருசம் கிடந்திருக்கும்."

"மழையிலை நனைஞ்சாலும் இப்பிடி வருந்தானே? சும்மா காருக்கு வெளியிலை வைச்சிருந்தால்?"

கோணேசன் நான்கு றீல்களையும் எடுத்தார். மூன்றில் நூல் பளபளத்தது. நாலாவதின் நூலை இழுத்தார். பின்னல் நூல், வாங்கும்போது கடும்பச்சை. நுனியிலிருந்து வெளுத்திருந்தது. இழுத்துக்கொண்டே போனார், அறையின் மூலைக்கும் மூலைக்குமாக யோகமலர் அதைக் கையில் வாங்கிச் சுற்றினாள். வெளுத்த நூல், வெளுத்த நூல், வெளுத்த நூல். பிறகு ஓரிடத்தில் பச்சை.

"நாப்பது மீற்றர், அல்லது கொஞ்சம் கூட," என்றார் கோணேசன். "எறியிற நூல் மட்டுந்தான் வெளுக்கும். வெயில், உப்பு. உள்ளுக்கை இருக்கிறதுக்கு ஒண்டும் தெரியாது. தங்கச்சி, நாப்பது மீற்றருக்கு மட்டும் அளந்து மழை பெய்யாது."

மூன்று தடிகளையும் பக்கம்பக்கமாக வைத்தார். விலைகுறைந்தவை, கோணேசன் கூடப்போன காலத்தில் காணாதவை. ஆறரை அடி ஒன்று, ஒன்பது அடி ஒன்று, கட்டை ஒன்று. ஒரே றீலை மூன்றுக்கும் மாற்றி மாற்றிப் பூட்டிய தேய்வு பூட்டும் இடங்களில் தெரிந்தது.

"நான் சொன்ன அதே மூண்டு," என்றார். "றீல் மட்டும் நான் ரெண்டு எண்டன். அவன் ஒண்டோடை சமாளிச்சிருக்கிறான். மற்ற எட்டும் சும்மா ஆசைக்கு வாங்கினது."

றஜனி படியில் குந்திவிட்டார். "அண்ணை பிடிச்சிருக்கிறார்," என்றார்.

யோகமலர் கையில் சுற்றியிருந்த நூலைப் பார்த்தாள்.

"ஓம். அந்தாள் பிடிச்சிருக்கு," என்றாள். "பிடிச்சிட்டு எனக்குப் படேல்லை எண்டு சொல்லியிருக்கு."

6

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

தக்கை அழுகியது என்னுடையது. நூல் வெளுத்ததும் என்னுடையது. தொழில் விஷயமாக இரண்டும் நடக்கக்கூடியவைதான், விசாரித்தேன். ஆனால் கோணேசன் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "கீழ போனம். எல்லாத்திலையும் உறை கிடந்துது. மூண்டு தடி எடுத்தம்." எந்த மூன்று என்று கேட்டேன். "கையிலை வந்ததை எடுத்தம். தடியிலை என்ன கிடக்கு, அந்த மனிசியின்ர முகத்தைப் பாக்கேலாமல் கிடந்துது." பிறகு பஸ்ஸை எடுத்துவிட்டார்.

அதாவது, உண்மையான யோகமலர் பதினொரு உறை போட்ட தடிகளுக்கு முன்னால் நின்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியவரவில்லை.

முதல் பிரதியில் அப்படித்தான் எழுதினேன். நேர்மையாக இருந்தது. மூன்று நாள் அவளை அந்தக் கம்பிவலைக்குள் நிற்க விட்டுவிட்டு நான் வெளியே திரிந்தேன். நாலாம் நாள் ஒரு கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தேன். வேலை தெரிந்தவள், மிச்சத்தை அவளே செய்தாள்.

நான் இளகிய மனம் உள்ளவன் இல்லை. ஆனால் எழுதுகிறவனுக்குச் செலவில்லாமல் கொடுக்கக்கூடிய ஒரு பொருள் இருக்கும்போது, கொடுக்காமல் விடுவதற்கு 'யதார்த்தம்' என்று பெயர் வைக்க எனக்கு இஷ்டமில்லை. அவ்வளவுதான்.

கொடுத்த பிறகு என்ன நடந்தது என்று பார்த்தீர்கள். அவளுக்கு அது நிம்மதியாக வந்து சேரவில்லை. தரிப்பிடத்துக் கார் போய்விட்டது. அதற்குப் பதிலாக, நானூறு சனிக்கிழமை சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு பொய் சொன்ன ஒரு மனிதர் வந்து நிற்கிறார். மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்து, விட்டேன் என்று மனைவியிடம் சொல்ல ஒருவருக்கு என்ன கூச்சம்? சிரிப்பாள் என்று நினைத்தாரா? கறிக்காகும் மீனை விட்டுவிட்டீர்களே என்று கேட்பாள் என்று

இந்த வசனத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.

7

மூன்று தடிக்கு மூன்று முடிவு எழுதினேன்.

மெல்லிய தடி. துறைமுகச் சுவரிலிருந்து யோகமலர் எறிகிறாள். ஒரு கையளவு மீன் படுகிறது. ஞாயிற்றுக்கிழமை பொரித்து இலையில் வைக்கிறாள். றஜனி அழுகிறார். எல்லாரும் சாப்பிடுகிறார்கள். இதில் எனக்கு ஒரே இடைஞ்சல்: மீனை விட்டுவிட்டு வந்த ஒருவருக்கு, அவர் விட்டதையே பிடித்துப் பொரித்து வைப்பது படையலா, பழிவாங்கலா? இரண்டுமாக இருக்கலாம். அப்படியானால் அதை நான் நன்றாக எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

ஒன்பது அடித் தடி. கரையில் ஒரு டேனிஷ் கிழவர் வருகிறார். தடியை அடையாளம் காண்கிறார். "சிவாவின் மனைவியா? அவர் பிடித்ததை எல்லாம் விட்டுவிடுவார். உங்களைப் பற்றி நிறையச் சொல்வார்." இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, அதனால்தான் கிழித்தேன். எங்கள் பெண்ணொருத்தியின் திருமண வாழ்க்கைக்கு ஒரு டேனிஷ்காரர் தண்ணீர்க்கரையில் நின்று சான்றிதழ் கொடுப்பதா? அந்தக் கிழவர் வேண்டாம். அவரைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

கட்டைத் தடி. மதியம்வரை நிற்கிறாள். பெரிய மீன் ஒன்று இழுக்கிறது, கிட்டக் கொண்டுவருகிறாள், கோணேசன் தண்ணீருக்குள் இறங்கித் தூக்குகிறார். அவள் "விடுங்கோ" என்கிறாள். கோணேசன் விடுகிறார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, படவில்லை என்கிறாள். இது முடிவுபோல முடிகிறது. வாசிப்பவர் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு நிமிடம் ஜன்னலைப் பார்ப்பார். எனக்கு அந்த ஒரு நிமிடத்தில் நம்பிக்கை இல்லை. கோணேசனும் இரண்டாம் முறை ஒரு பார்ஸை இழக்கச் சம்மதிக்கிற மனிதர் இல்லை.

ஆகவே இலையில் என்ன இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. கோணேசனிடம் கேட்கலாம். அவர் அந்த வழித்தடத்திலிருந்து மாற்றப்பட்டுவிட்டார். பொய். மாற்றப்படவில்லை. நான் கேட்கவில்லை. இலை உங்களிடம் இருக்கிறது. விளைமீனை வையுங்கள், பார்ஸை வையுங்கள், இடத்தை வெறுமையாக விடுங்கள். வைக்கிறபோது அந்த மனிதரைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதை யோசித்து வையுங்கள். யோகமலரும் அப்படித்தான் வைத்திருப்பாள்.

நான் நம்பி எழுதக்கூடியது சனிக்கிழமை காலைவரைதான்.

8

சனிக்கிழமை காலை ஆறே முக்கால். கோணேசன் கீழே காரில். யோகமலர் மழைச்சட்டை போட்டுக்கொண்டாள். சிவபாலனுடையது, கை நீளம், மடித்துவிட்டாள்.

றஜனி வாசல் நடையில் குறுக்கே நின்றார். முந்தியநாள் முழுக்க மச்சாளோடு கதைக்கவில்லை.

"சனம் என்ன கதைக்கும் எண்டு நான் சொல்லேல்லை," என்றார். "நாளைக்குச் செலவு. நாப்பது பேருக்குச் சமைக்கவேணும். நீங்கள் இல்லாமல் நான் தனிய என்ன செய்யிறது?"

"ரெண்டு மணிக்கு வந்திடுவன்."

"அண்ணை பிடிச்சவர் எண்டு தெரிஞ்சுதானே. பிறகென்னத்துக்குப் போறீங்கள்? மீன் கடையிலை வாங்கலாம்."

"மீனுக்குப் போகேல்லை."

"பிறகு?"

யோகமலர் கதவுப் பிடியில் கை வைத்தபடி யோசித்தாள். அவளுக்குச் சொல்ல நான் மூன்று நல்ல வசனம் எழுதி வைத்திருந்தேன். ஒன்றையும் அவள் எடுக்கவில்லை.

"ஏழு மணித்தியாலம் அங்கை நிண்டால் ஒரு மனுசனுக்கு என்ன வரும் எண்டு பாக்கவேணும், மச்சாள். குளிர் வருமோ, அலுப்பு வருமோ, வீட்டு ஞாபகம் வருமோ. எனக்கு வாறதுதானே அந்தாளுக்கும் வந்திருக்கும்."

"வராட்டி?"

"வராட்டி அதையும் தெரிஞ்சுகொண்டு வாறன்."

றஜனி விலகி வழிவிட்டார். குசினிக்குள் போய், இரண்டு துண்டு பாணைச் சுட்டு, வெண்ணெய் பூசித் தாளில் சுற்றிக் கொண்டுவந்து மழைச்சட்டைப் பைக்குள் திணித்தார். "ஆற முந்தித் தின்னுங்கோ," என்றார், கோபமாகவே.

"விளைமீனைக் குளிர்ப்பெட்டியிலையிருந்து எடுத்து வெளியிலை வையுங்கோ. உருகட்டும்."

"எப்ப?"

"இப்பவே. நான் என்னத்தோடை வருவன் எண்டு எனக்குத் தெரியாது."

வியாழனன்றே மேலே கொண்டுவந்திருந்த, தக்கை கறுத்த மூன்று தடிகளையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்தாள். ஒன்பது அடித் தடியின் நுனி கதவு நிலையில் இடித்தது, பழக்கமில்லாதவள். சரித்து, வாங்கி, வெளியே எடுத்தாள். படிக்கட்டில் விளக்கு தானாக எரிந்தது. மேல்மாடியில் யாரோ கதவு திறக்கிற சத்தம் கேட்டது. தமிழ்க் குடும்பமாக இருக்கலாம். யோகமலர் நிற்கவில்லை, தடி சுவரில் தட்டுப்படத் தட்டுப்பட இறங்கினாள்.

றஜனி அந்தச் சத்தம் கீழே போய்ச் சேரும்வரை நின்று கேட்டார். பிறகு, யாரும் வந்து மச்சாள் எங்கே என்று கேட்காதபடி கதவைச் சாத்தி, உள்ளே திறப்பை இரண்டு முறை சுற்றிப் பூட்டினார்.